மூத்தவள் பெயர்

சிசாலா எதையும் விட்டுவைக்கவில்லை. செய்தியிலிருந்து பிள்ளையின் பெயரை எடுத்தாள். பள்ளிக்கூடத்தை எடுத்தாள். தெருவை, தேவாலயத்தை, வயதை, வீட்டு வாசலில் நின்ற மாமரத்தைக்கூட எடுத்தாள். குற்றத்தின் சட்டப் பெயரையே எடுத்துவிட்டாள். அதைச் சொன்னாலே பாதிக்கப்பட்டது சிறுமி என்று தெரிந்துவிடும். மாஜிஸ்திரேட் உத்தரவு அப்படி. தீர்ப்பு வாசிக்கும் முன் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகைக்காரர் பெஞ்சைப் பார்த்தார். ஏரிக்கரை வானொலியின் சிசாலா ஒருத்திதான் அதில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை யார் என்று ஊகிக்க உதவும் ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது, போனால் சொன்னவர் உள்ளே போவார் என்றார். சிசாலா எழுந்து நின்று தலையை ஆட்டினாள்.

இவ்வளவையும் எடுத்த பிறகு செய்தியில் மிஞ்சியது இதுதான்: ஐஸ் ஆலை முதலாளி கபாசோ ஒரு வீட்டுப் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டது நிரூபணமானது, அவருக்குக் கடுங்காவல் தண்டனை, தண்டனையைக் கேட்டதும் அவர் நீதிமன்றத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. எந்தக் கொம்பனாலும் இதில் ஒரு முடியைக்கூடப் பிடித்து இழுக்க முடியாது.

ஆனால் எழுதியது ஆங்கிலத்தில். கோர்ட்டு ஆங்கிலத்தில் நடக்கும், குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். ஐந்து மணிச் செய்தியைக் கேட்கிற பாங்வெயுலு ஏரிக்கரைச் சனங்களுக்கு வேண்டியதோ பெம்பா மொழி. மொழிபெயர்த்து எழுதிவைக்க ஏரிக்கரை வானொலியில் யாருக்கும் நேரம் கிடையாது. ஆங்கிலத் தாளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாயால் பெம்பாவில் சொல்லிக்கொண்டு போவார்கள். சிசாலா பதினைந்து வருடமாக அப்படித்தான் வாசிக்கிறாள். கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் யோசிக்க நேரம் இல்லாத வேலை அது.

அன்றைக்கும் வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தாள். தாளில் 'ஒரு பெண்ணிடம்' என்று இருந்தது. கணவனை இழந்த, மரியாதைக்குரிய ஓர் அம்மாவைப் பெம்பாவில் 'ஒரு பெண்' என்றால் சந்தையில் சண்டைக்கு இழுப்பது மாதிரி இருக்கும். அதுவும் போக, கபாசோ கூண்டிலிருந்து திரும்பி, மரியாதைக்குக் கைகளைக் குவித்துத் தட்டி, சொன்ன வார்த்தை சிசாலாவின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. வாய் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டது.

"'பானா கசுபா, என்னை மன்னிச்சிருங்க'ன்னு கேட்டாரு."

பிறகு மீன்பிடித் தடை முடியும் நாளை அறிவித்தாள். பாலம் வேலையை அறிவித்தாள். வணக்கம் சொல்லி மைக்கை அணைத்தாள்.

பானா என்றால் அம்மா. இங்கே முதல் பிள்ளை பிறந்ததும் பெண்ணின் சொந்தப் பெயர் அடையாள அட்டைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன்பிறகு சாகும்வரை அவள் அந்தப் பிள்ளையின் அம்மாதான். கசுபாவின் அம்மாவைச் சிசாலா மீன் வாங்கும்போது அப்படித்தான் கூப்பிடுவாள், தேவாலயத்தில் கைகுலுக்கும்போதும் அப்படித்தான். அந்தப் பெயருக்குள் ஒரு மகளின் பெயர் இருப்பது அவள் காதில் விழுந்து வருடக்கணக்காகிறது.

செய்திக்கு அடுத்து நேயர் விருப்பம். அதை நடத்துகிறவர் நிலையத்தின் செய்தி ஆசிரியர் கபுங்கோ. சின்ன வானொலி, ஆளுக்கு நாலு வேலை. முதல் அழைப்பில் ஒரு பெண் வந்தாள். குரல் தழுதழுத்திருந்தது.

"ஐயா, ஒரு ஆறுதல் கீர்த்தனை போடுங்க. நம்ம கசுபாவுக்காக. பாவம் அந்தப் பிள்ளை, இத்தனை நாளா வெளிய சொல்லாம எப்படித்தான் தாங்கினாளோ. கடவுள் அவளைத்..."

கபுங்கோவின் கை பொத்தானை இறக்கியது. கீர்த்தனை ஒலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சிசாலாவை அவர் பார்த்த பார்வையை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பேரைச் சொன்னியா?" கதவைத் திறந்துகொண்டு வந்து கேட்டார்.

"இல்ல ஐயா. எல்லாத்தையும் எடுத்துட்டேன். வேணும்னா தாளைப் பாருங்க."

"தாளு எனக்கெதுக்கு? வாயால என்ன சொன்ன?"

"பிள்ளை பேரைச் சொல்லல. அவங்க அம்மாவைத்தான்..."

"அவங்க அம்மா பேரு என்ன?"

சிசாலா சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

நிலையத்துக்கு வழக்கறிஞர் என்று ஒருவர் உண்டு. மலாமா என்று பெயர். சாமான் கடை மாடியில் அலுவலகம்; வானொலிக்குக் கூலி வாங்காமல் யோசனை சொல்வார், பதிலுக்குத் தன் பிறந்தநாளைக்கு மூன்று பாட்டு போடச் சொல்வார். மறுநாள் காலையில் வறுத்த நிலக்கடலையோடு வந்தார்.

"என்ன சிசாலா, ஜெயிலுக்குப் பை கட்டிட்டியா? போர்வை மறந்துராத, அங்க கொசு ஜாஸ்தி."

சிசாலா சிரிக்கவில்லை. கபுங்கோ நடந்ததைச் சொன்னார். மலாமா கேட்டுக்கொண்டே கடலையை உரித்தார்.

"நீதான கோர்ட்டுக்குள்ள உக்காந்திருந்த? வழக்கு அந்தக் கசுபாவோடதா?"

"இல்ல" என்றாள் சிசாலா. "கசுபா மூத்தவ. வழக்கு சின்னவளோடது. பதிமூணு வயசு."

கபுங்கோவுக்கே அது தெரியாது. கபாசோ கைதான நாள்முதல் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊரே வாயைப் பிளந்து காத்திருந்தது. அந்த அம்மாவோ, செத்துப்போன புருஷனின் மனைக்காக அவன் அண்ணன் தம்பிகளோடு வழக்கு என்று சொல்லியே ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்கு வந்துபோயிருக்கிறாள். சின்னவளைப் படிக்க வைக்கிறேன் என்று மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவள் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தத் தடையை யாரும் இன்னும் நீக்கவில்லை.

மலாமாவின் முகம் முதலில் மலர்ந்தது. "அப்ப தப்பிச்ச! பாதிக்கப்பட்ட பிள்ளையை நீ காட்டிக் கொடுக்கலியே. மாஜிஸ்திரேட் உன்னை ஒண்ணும்..." அங்கேயே நின்றுவிட்டார். உரித்த கடலையை வாயில் போடாமல் மேசைமேல் வைத்தார். "மூத்தவளுக்கு என்ன வயசு?"

"இருபத்திமூணு. அறுப்பு முடிஞ்சதும் கல்யாணம். முன்னால கபாசோ ஆலையிலதான் மீன் எடை போடுற வேலை பாத்தா. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே வேலையை விட்டுட்டா."

"அட கடவுளே. எல்லாம் பொருந்துதே." மலாமா கண்ணை மூடிக்கொண்டார். "இது அவதூறு சிசாலா. நீ நினைச்சுச் சொன்னியா நினைக்காம சொன்னியாங்கறது ஒரு பேச்சே இல்ல. அவ கோர்ட்டுக்குப் போனா நிலையத்தை மூட வேண்டியதுதான்."

"மறுப்பு வாசிச்சிரலாம் ஐயா. இன்னிக்கே. கசுபா இல்லன்னு நானே வாசிக்கிறேன். மன்னிப்பும் கேக்கிறேன்."

"வாசி. அந்த வீட்டுல மொத்தம் எத்தனை பொம்பளப் பிள்ளை?"

சிசாலா இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டுதான? கசுபா இல்லன்னு நீ சொன்ன மறு நிமிஷம் ஊரு கழிச்சுப் பாக்கும். தடையை நேத்து மீறல. இன்னிக்கு மறுப்பு வாசிச்சா மீறினதா ஆகும். அதுவும் பதிமூணு வயசுப் பிள்ளை விஷயத்துல. சொன்னது பொய்யின்னு சொல்றதுக்குக்கூட உனக்கு இப்ப உரிமை இல்ல. வாயைத் திறக்காத. வேற வழியே இல்ல."

அவர் போன பிறகும் மேசைமேல் அந்தக் கடலை அப்படியே கிடந்தது. சிசாலாவுக்கு அழுகை வரவில்லை. நாக்கை வெட்டிப் போட்டால் தேவலை என்று மட்டும் இருந்தது.

வானொலி நிலையத்துக்கு எதிரே சாலை, சாலைக்கு அப்பால் சந்தை. சின்ன மீன்களை வெயிலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு வானொலிப் பெட்டி. சிசாலா வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே மீனைப் புரட்டுவார்கள். அவள் வாசித்து முடிப்பதற்குள் அங்கே அந்தச் செய்திக்கு வாலும் கொம்பும் முளைத்துவிடும்.

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். மூன்றாம் நாள் வீட்டில் குழம்புக்கு ஒன்றும் இல்லை.

"வா ரேடியோ" என்றாள் பானா எஸ்தர். வாயில் ஒன்று மனசில் ஒன்று வைத்திருப்பவள். "நல்லா வாசிச்ச. பேரைச் சொல்லாம பேரைச் சொல்லிட்டியே, கெட்டிக்காரி!"

பக்கத்தில் இருந்த பானா பியூட்டி வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஆலையில என்னத்தை எடை போட்டாளோ, பாவம்."

"பாவமா? இருபத்திமூணு வயசுக் குதிரை. கத்தத் தெரியாதாமா? முதலாளி வண்டியில முன் சீட்டுல உக்காந்துதான வருவா? அப்பல்லாம் இனிச்சிச்சு. இப்ப மாப்பிள்ளை வந்ததும் கோர்ட்டு, கேசு."

"அந்த மாப்பிள்ளை ஓபெட்டை நினைச்சாத்தான் எனக்குச் சங்கடமா இருக்கு. வாத்தியாரு. தங்கமான பையன்."

சிசாலாவுக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. கசுபாவை அவளுக்குத் தெரியும். முன் சீட்டில் உட்கார்ந்து வந்தது மீன் பெட்டிகளுக்குக் கணக்கு எழுத. தங்கைக்கு நேர்ந்தது தெரிந்த அன்றைக்கு அம்மாவைக் கையைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்; சிசாலா அந்தச் சாட்சியத்தைக் கேட்டிருக்கிறாள்.

"அது அவ இல்ல" என்றாள்.

சொன்ன கணமே தெரிந்துவிட்டது. பானா எஸ்தரின் கை மீன்மேல் அப்படியே நின்றது. அவள் சிசாலாவைப் பார்க்கவில்லை. ஏரிப் பக்கம் பார்த்தாள், மனசுக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி.

"அவ இல்லியா? பின்ன யாரு? அந்த வீட்டுல வேற... ஏ பியூட்டி அம்மா, அந்தச் சின்னது மாமன் வீட்டுக்குப் போச்சே, அது எப்போ?"

"எனக்குத் தெரியாது" என்றாள் சிசாலா அவசரமாக. "நான் சும்மா சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது."

"கோர்ட்டுல உக்காந்திருந்த ரேடியோவுக்கே தெரியாதாம்!" பானா பியூட்டி தொடையில் தட்டிச் சிரித்தாள். பானா எஸ்தர் சிரிக்கவில்லை. மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போதும் அவள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சிசாலா அந்த மீனைத் தொடவில்லை.

அந்த வாரக் கடைசியில் பானா கசுபா நிலையத்துக்கே வந்துவிட்டாள். காத்திருக்கச் சொன்ன பெஞ்சில் உட்காரவில்லை. நேரே உள்ளே வந்தாள். இடுப்பில் கட்டிய சித்தெங்கே துணி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. நல்ல உயரம், பேச்சில் எப்போதும் நிதானம். அந்த நிதானத்தைத்தான் காணோம்.

"சிபுகோம்பே வந்தாரு" என்றாள். மாப்பிள்ளை வீட்டுத் தூதர். "வந்து, உக்காந்து, கையைத் தட்டி மரியாதையெல்லாம் பண்ணிட்டு, பையனுக்கு வேலை மாத்தல் வரும்போலன்னு சொன்னாரு. கல்யாணத்தைத் தள்ளி வைக்கறதாம். எவ்வளவு நாளுக்குன்னு கேட்டேன். செருப்பைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சமைச்சு அனுப்பறதுக்குக் கோழி, கடலை, காளான் எல்லாம் சேத்து வெச்சிருக்கேன். அதைப் பாத்துக்கிட்டே போனாரு."

கபுங்கோ நாற்காலியை நகர்த்தினார். "உக்காருங்க பானா கசுபா."

"அந்தப் பேரைச் சொல்லாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "சந்தையில ஒவ்வொருத்தியும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுறா. முன்னைவிட நீட்டி நீட்டிக் கூப்பிடுறா. கூப்பிட்டுட்டு ஒருத்திய ஒருத்தி பாத்துக்கறா. என் பிள்ளை பேரு எனக்கு நகையா இருந்தது. அதை வெச்சே என் மூஞ்சில அடிக்கறாங்க. என் பேரு பெலிசியா. பெலிசியான்னு கூப்பிடுங்க. யாருக்காச்சும் தெரியுமா எனக்கு அப்படி ஒரு பேரு இருக்குன்னு?"

சிசாலா அவள் முன்னால் முழங்காலிட்டாள். மன்னிப்புக் கேட்க அது இங்கே வழக்கம்.

"எழுந்திரு. நீ மண்டி போட்டா என் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருமா? ரேடியோவுல சொல்லு. கசுபா இல்லன்னு சொல்லு. நான் அவளைப் பெத்தவ, நான் சொல்றேன், சொல்லு."

கபுங்கோ மெல்ல, சுற்றி வளைத்து, வார்த்தைகளைத் தேடித்தேடிச் சொன்னார். கசுபா இல்லை என்றால் ஊர் யாரைப் பார்க்கும் என்று கேட்டார். அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும், அத்தனை நேரம் மறுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பிள்ளையில ஒண்ணை எடுத்துக் குடுங்கறீங்க" என்றாள்.

"ஐயோ, நாங்க அப்படிக் கேக்கலம்மா..."

"நீங்கதான் கேக்கறீங்க. இந்தா இந்த ரேடியோதான் கேக்குது." தொங்கிய துணி நுனியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சின்னவ இப்பதான் சாப்பிடறாளாம். அண்ணன் சொன்னாரு. தட்டுல போட்டதை முழுக்கச் சாப்பிடறாளாம்." துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டு எழுந்தாள். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சிசாலாவுக்கு ஒரே ஒரு யோசனை மிஞ்சியிருந்தது. ஊருக்குச் சொல்ல முடியாவிட்டால் போகிறது, ஓபெட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டால்? அதுவும் தடையை மீறுவதுதான். உள்ளே தள்ளினால் தள்ளட்டும். உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தவனைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, கசுபா விஷயம். நீ கேள்விப்பட்டது நிஜமில்ல."

"எனக்குத் தெரியும்க்கா."

"தெரியுமா?"

"கைது பண்ணின வாரமே கசுபா சொல்லிட்டா. யாருன்னும் சொன்னா. வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிக்கிட்டா."

"பின்ன என்னப்பா? அவ மேல தப்பில்லன்னு தெரிஞ்சும்..."

"எங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட என்னன்னு சொல்ல?" அவன் பந்தைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "அவ இல்லன்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க. தெரியாதுன்னா நம்ப மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு என்னக்கா பிரயோசனம்? ஊருக்குத் தெரிஞ்சதைத்தான் எங்க வீட்டுல சாப்பிடறப்போ பேசறாங்க."

"அவளைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிரு. வாத்தியார் வேலை எங்கயும் கிடைக்கும்."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்க அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு" என்றான்.

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. கோழை, கோழை என்று மைதானம் கேட்கக் கத்தலாம் போலிருந்தது. ஆனால் இந்தக் கோழையோடு ஒரு கல்யாணம் நல்லபடியாக நடக்க இருந்தது. அதைக் கலைத்தது இவள் நாக்கு. திரும்பி நடந்தாள்.

பள்ளி விடுமுறை நெருங்கியது. ஒரு மத்தியானம் கசுபாவே நிலையத்துக்கு வந்தாள். ஆலை வேலையை விட்ட பிறகு அவள் பேருந்து நிலையத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து கைபேசிக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுக்கிறாள். இளைத்திருந்தாள். ஆனால் தலைப்பின்னலைப் புதிதாகப் போட்டிருந்தாள், துவைத்துத் தேய்த்த சட்டை. யாரையோ பார்க்கக் கிளம்பி வந்தவள் மாதிரி இருந்தாள்.

"சிசாலாக்கா, ஒரு செய்தி வாசிக்கணும். அஞ்சு மணிக்கு."

"என்ன செய்தி?"

"கபாசோ வழக்குல பாதிக்கப்பட்டது நான்தான்னு. கசுபா தானே வந்து சொன்னான்னு வாசிங்க."

சிசாலாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம். கபுங்கோ கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"நேத்து பானா எஸ்தர் எங்க அம்மாவை நிறுத்திக் கேட்டிருக்கா. 'சின்னவ விடுமுறைக்கு வராளா? உடம்பு இப்ப பரவாயில்லியா?'ன்னு. உடம்பாம். அவளுக்கு என்ன உடம்புன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? நீங்க சந்தையில ஏதோ சொன்னீங்களாம்."

சிசாலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சண்டைக்கு வரலக்கா. ஊரு என்னையும் பாக்குது, அவளையும் பாக்குது. இன்னும் முடிவு பண்ணல. நாமளே முடிவு பண்ணிக் குடுத்திட்டா தேடறதை விட்டுரும். அவ திரும்பி வரணும். ஏழாம் வகுப்புப் பரிட்சை எழுதணும். தெருவுல நடக்கணும்."

"பொய் செய்தி வாசிக்கச் சொல்றியேம்மா" என்றார் கபுங்கோ.

"நிஜத்தை வாசிச்சு என்ன ஆச்சு ஐயா?"

அவர் மலாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார். மலாமா ஒவ்வொன்றாகக் கேட்டார். வயசு வந்தவளா? தானாக வந்தாளா? யாரும் வற்புறுத்தவில்லையே? கையெழுத்துப் போடுவாளா?

"அப்ப அவதூறு வழக்கு வராது. அவளே சம்மதிச்சு வாசிக்கச் சொன்னதுக்கு அவளே வழக்குப் போட முடியாது. தடையும் மீறின மாதிரி ஆகாது. இவ அந்தப் பிள்ளை இல்லியே."

"மாஜிஸ்திரேட்டுக்கு நிஜம் தெரியுமே ஐயா" என்றாள் சிசாலா.

"தெரியும். தெரிஞ்சு? இது பொய்யின்னு அவரு வெளிய சொன்னா, அவரு போட்ட தடையை அவரே மீறினதா ஆகும்." கரகரப்புக்கு நடுவில் அவர் பெருமூச்சு கேட்டது. "சட்டத்துல இதுக்கு எந்தத் தடையும் இல்ல. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு யோசனை சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. என்னைத் திரும்பக் கூப்பிடாதீங்க." வைத்துவிட்டார்.

"கபாசோ வீட்டுல சொல்லிருவாங்களே" என்றாள் சிசாலா. எதையாவது பிடித்துக்கொண்டு இதை நிறுத்திவிட வேண்டும் என்று தவித்தாள். "அவன் பொண்டாட்டிக்கு யாருன்னு தெரியும்."

கசுபா சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சிசாலா பார்க்காமல் இருந்திருக்கலாம். "அவங்க ஏன்க்கா சொல்றாங்க? பதிமூணு வயசுப் பிள்ளைங்கறதைவிட இருபத்திமூணு வயசுப் பொண்ணுன்னா அந்தாளுக்கு எவ்வளவோ மானம் மிச்சம். ஆலையில வேலை பாத்தவ, வண்டியில கூட வந்தவன்னு சொல்லிக்கலாம். என்னைவிட அவங்களுக்குத்தான் இது லாபம். போன வாரமே அவரு பொண்டாட்டி தேவாலயத்துல என்னைப் பாத்துத் துப்பினா. இப்ப சத்தமாவே துப்புவா."

"நான் மாட்டேன் கசுபா. நான் செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போறேன். நிஜத்தைச் சொல்லிட்டுப் போறேன். என்னால தாங்க முடியல."

"உங்க மனசு ஆறணுங்கறதுக்காக என் தங்கச்சியைக் குடுக்க முடியாதுக்கா" என்றாள் கசுபா. குரலில் கோபமே இல்லை. "வாசிங்க. நீங்க வாசிச்சாத்தான் நம்புவாங்க."

அன்றைக்குச் சிசாலா ஆங்கிலத்தில் எழுதவில்லை. நேராகப் பெம்பாவில் எழுதினாள். கசுபா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்தாள். ஓர் இடத்தில் 'துயரத்தோடு' என்று இருந்ததை அடிக்கச் சொன்னாள், கெஞ்சுகிற மாதிரி இருக்கிறதாம். அடியில் கையெழுத்துப் போட்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கபுங்கோ கேட்டதற்கு, வாசித்த பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

ஐந்து மணிக்குச் சிசாலா வாசித்தாள். வாய் ஓர் இடத்திலும் தவறவில்லை. ஒவ்வொரு சொல்லையும் முதலில் கண்ணால் பார்த்தாள், பிறகு சொன்னாள். கபாசோ வழக்கில் பாதிக்கப்பட்ட பெண், கசுபா என்பவர், தானாக முன்வந்து தன் பெயரை வெளியிடச் சம்மதித்திருக்கிறார் என்றாள். வேறு யாரையும் ஊரார் சந்தேகிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். கபுங்கோவின் கை பொத்தான்மேல் இருந்தது, அது அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருப்போர் பெஞ்சில் கசுபா உட்கார்ந்திருந்தாள். அவள் உதடுகள் கூடவே அசைந்தன, ஒரு வார்த்தையும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று.

மைக்கை அணைத்துவிட்டுச் சிசாலா வெளியே வந்தாள்.

"'தானாக முன்வந்து'ன்னு நிறுத்திச் சொன்னீங்க பாருங்க, அது நல்லா இருந்ததுக்கா" என்றாள் கசுபா. "இனி தேட மாட்டாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வீட்டுக்குப் போகச் சந்தையைக் கடந்துதான் போக வேண்டும். சிசாலா சன்னலண்டை போய் நின்றாள். சந்தையில் வானொலிப் பெட்டிகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன; பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கசுபா நிமிர்ந்து, வேகம் கூட்டாமல் நடந்தாள். பானா பியூட்டி தலையைத் திருப்பிக்கொண்டாள். பானா எஸ்தர் எழுந்து நின்று வழிவிட்டாள். கசுபா கடந்து போனதும் குனிந்து, பாதையோரம் இருந்த தன் மீன் கூடையை அவள் கால் பட்ட இடத்தைவிட்டு இழுத்துத் தள்ளி வைத்தாள்.